பிடிபி-11க்குள் ஓர் இணையம்: சிம்ஹெச் எமுலேட்டரும் 2.11பிஎஸ்டியும்

பழைய மினி கணினி ஒன்றை வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க ஆசை என்று யார் கேட்டாலும் என் பதில் மாறியதே இல்லை. பழைய இயந்திரங்களைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளான சிம்ஹெச் எமுலேட்டரை இறக்கிக்கொள்ளுங்கள், அதில் பிடிபி-11 இயந்திரத்தைத் தேர்ந்தெடுங்கள், அதன் மேல் 2.11பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் இயங்குதளத்தை ஏற்றுங்கள். பலர் இதைச் செய்கிறார்கள். லாகின் வரி வந்ததும் நாலு கட்டளைகளை அடித்துப் பார்க்கிறார்கள், பழைய விளையாட்டு ஒன்றை ஆடுகிறார்கள், பிறகு மூடி வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் எனக்கு மனத்தாங்கல். அந்த யூனிக்ஸுக்குள் இணையத்தின் பேச்சு மொழியான டிசிபி/ஐபி முழுமையாக உறங்கிக்கொண்டிருக்கிறது. அதை எழுப்பி வீட்டு நெட்வொர்க்கோடு பேச வைத்தால்தான் அந்த இயந்திரத்தின் அருமை புரியும். இந்த மதிப்புரை முழுக்க அதைப் பற்றித்தான்.

என் பிழைப்பே நெட்வொர்க்தான். பகல் முழுவதும் ரவுட்டர், சுவிட்ச், ஃபயர்வால் என்று ஓடுகிறது. அதனால் எமுலேட்டரை எடை போடும்போது நான் பார்க்கும் இடமும் அதுவே. விளக்குகள் அழகாக மின்னுகின்றனவா, திரையெழுத்து பழையபடி பச்சையாக இருக்கிறதா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். கம்பியில் வெளியே வரும் பாக்கெட், அதாவது தரவுத் துண்டு, சரியாக இருக்கிறதா, அதை ஒரு லினக்ஸ் கணினி மதித்துப் பதில் சொல்கிறதா என்பதே முதல் கேள்வி.

முதலில் சிம்ஹெச். டெக் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் துணைத் தலைவராக இருந்த பாப் சப்னிக், 1993ல் தொடங்கிய வேலை இது. 1960களின் கடைசியில் உருவான மிமிக் என்ற சிமுலேட்டரின் வடிவமைப்பை அடித்தளமாக எடுத்துக்கொண்டு, அனைத்தையும் சி மொழியில் எழுதினார். பிடிபி-1, பிடிபி-8, பிடிபி-10, வாக்ஸ், டேட்டா ஜெனரலின் நோவா என்று ஒரு பெரிய குடும்பமே இதற்குள் இருக்கிறது. காசு எதுவும் கிடையாது, மூல நிரலும் திறந்தே கிடக்கிறது. ஈதர்நெட் அட்டைகளை இதற்குள் கொண்டுவந்தவர் டேவிட் ஹிட்னர். அவர் செய்த அந்த வேலை இல்லையென்றால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்கவே மாட்டேன்.

இதில் எனக்குப் பிடித்த குணம், சிம்ஹெச் வன்பொருளைத்தான் நடிக்கிறது என்பது. டெக்னா என்ற ஈதர்நெட் அட்டையை இயக்கினால், அந்த அட்டையின் பதிவகங்கள் பழைய கையேட்டில் சொன்ன அதே முகவரியில், எட்டடிமானக் கணக்கில் 174440 என்ற இடத்தில் தோன்றும். உள்ளே ஓடும் யூனிக்ஸுக்குத் தான் ஒரு மடிக்கணினிக்குள் இருப்பது தெரியாது. அட்டையை இயக்க 1980களில் எழுதப்பட்ட நிரலான டிரைவர் அந்தப் பதிவகங்களில் எழுதுகிறது, சிம்ஹெச் அதை வாங்கி உண்மையான பாக்கெட்டாக வெளியே விடுகிறது. குறுக்குவழி எதுவும் இல்லாத இந்த நேர்மைதான் இந்த எமுலேட்டரின் பெரிய பலம்.

அடுத்து 2.11பிஎஸ்டி. பெர்க்லி யூனிக்ஸ் என்றால் எல்லோருக்கும் வாக்ஸ் மீது ஓடிய 4.2, 4.3 பதிப்புகள்தான் நினைவுக்கு வரும். டிசிபி/ஐபியை உலகுக்குக் கொண்டுசேர்த்த 4.2பிஎஸ்டி 1983ல் வந்தது, 4.3 அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. அவை 32 பிட் இயந்திரங்களுக்கானவை. 1970ல் பிறந்த 16 பிட் பிடிபி-11ஐக் கைவிட மனமில்லாதவர்கள் 2 என்று தொடங்கும் எண்களோடு தனி வழியில் நடந்தார்கள். அந்த வழியின் கடைசிப் படிதான் 1991ல் வந்த 2.11. ஸ்டீவன் ஷல்ட்ஸ் அதன் பிறகும் பல ஆண்டுகள் எண்ணிட்ட திருத்தங்களாக வெளியிட்டு அதைப் பேணிவந்தார். இப்போது யூனிக்ஸ் பாரம்பரியச் சங்கத்தின் காப்பகத்தில் எல்லாம் கிடைக்கிறது. 1998ல் இதை முறைப்படி பயன்படுத்த 100 டாலர் கொடுத்து உரிமம் வாங்க வேண்டியிருந்தது. 2002 ஜனவரியில் கால்டெரா நிறுவனம் பழைய யூனிக்ஸ் பதிப்புகளைத் தாராள உரிமத்தில் விட்டுவிட்டது. அதனால் இன்று இறக்கி ஓட்டுவதில் சட்டச் சிக்கல் என்ற பயம் வேண்டாம்.

இனி நெட்வொர்க். இதை ரசிக்க வேண்டுமானால் பிடிபி-11ன் நெருக்கடியைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். 16 பிட் முகவரி என்றால் ஒரு நிரலால் ஒரு நேரத்தில் 64 கிலோபைட் இடத்தைத்தான் பார்க்க முடியும். கட்டளைகளுக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என்று இடத்தைப் பிரித்துக் கொடுத்த 11/44, 11/70, 11/73 போன்ற பெரிய மாடல்களில் இது இரு மடங்கு. இயந்திரத்தில் 4 மெகாபைட் நினைவகம் வைத்திருந்தாலும், இயங்குதளத்தின் மையமான கெர்னல் உட்பட எந்த நிரலும் ஒரு நேரத்தில் எட்டிப் பார்க்கும் ஜன்னல் அவ்வளவுதான். வாக்ஸுக்கு எழுதிய 4.3பிஎஸ்டியின் நெட்வொர்க் நிரல் முழுவதையும் இந்த அளவுக்குள் கெர்னலோடு சேர்த்துத் திணிக்க வேண்டும் என்றால் எங்கே போவது?

அவர்கள் கண்டுபிடித்த வழி என்னை இன்றும் வியக்க வைக்கிறது. பிடிபி-11ன் பெரிய மாடல்களில் செயலிக்கு மூன்று நிலைகள் உண்டு: கெர்னல், சூப்பர்வைசர், பயனர். யூனிக்ஸ் இரண்டை மட்டுமே பயன்படுத்தி வந்தது. ஒண்டுக்குடித்தனத்தில் மூச்சுத் திணறிக்கொண்டிருந்த குடும்பத்துக்குப் பக்கத்துப் போர்ஷன் பூட்டிக் கிடப்பது கண்ணில் பட்டதுபோல, காலியாக இருந்த சூப்பர்வைசர் நிலைக்கு நெட்வொர்க் முழுவதையும் குடிவைத்துவிட்டார்கள். அந்த நிலைக்கு அதற்கே உரிய முகவரி வரைபடம் உண்டு. ஆகவே டிசிபி, ஐபி, யுடிபி, ஈதர்நெட் டிரைவர் எல்லாம் அங்கே போய்விட்டன. கெர்னலும் நெட்வொர்க்கும் ஒன்றையொன்று அழைப்பதற்குத் தனி அழைப்பு முறை எழுதப்பட்டது. வட்டின் உச்சிக் கோப்பகத்தில் இரண்டு கோப்புகள் அருகருகே இருப்பதைப் பார்க்கலாம்: ஒன்று யூனிக்ஸ், மற்றொன்று நெட்னிக்ஸ். கெர்னல் எழும்பும்போது நெட்னிக்ஸையும் இழுத்துச் சூப்பர்வைசர் இடத்தில் அமர்த்திக்கொள்கிறது. இன்றைக்கு நெட்வொர்க்கைக் கெர்னலிலிருந்து பிரித்து ஓட்டுவது பற்றி மாநாடுகளில் பேசுகிறார்கள். இவர்கள் இடநெருக்கடியால் அதை அன்றே செய்துவிட்டார்கள்.

இதை எழுப்பக் கெர்னலை நீங்களே தொகுக்க வேண்டும், அதாவது மூல நிரலிலிருந்து ஓடும் நிரலாக மாற்ற வேண்டும். ஏற்கெனவே நெட்வொர்க் சேர்த்த வட்டுப் படிமங்கள் கிடைக்கின்றன. அவசரக்காரர்களுக்கு அது போதும். நான் பரிந்துரைப்பது தொகுக்கும் வழியை. அமைப்புக் கோப்பில் இணைய நெறிமுறைகளுக்கான வரியையும், ஈதர்நெட்டுக்கான வரியையும், உங்கள் அட்டைக்கான வரியையும் இயக்கிவிட்டு, கட்டமைப்பு நிரலை ஓட்டி, மேக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். அதுவரை சுலபம். அதற்குப் பிறகுதான் ஆட்டம் தொடங்குகிறது.

கெர்னலின் கட்டளைப் பகுதி ஓர் அடித்தளமாகவும் பல ஓவர்லேகளாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. பிடிபி-11ன் நினைவக மேலாண்மை 64 கிலோபைட்டை 8 கிலோபைட் கொண்ட எட்டுப் பக்கங்களாகப் பார்க்கிறது. அடித்தளத்துக்கு ஏழு பக்கங்கள், அதாவது 57344 பைட். மீதமுள்ள ஒரே பக்கத்தில், 8192 பைட் இடத்தில், எந்த ஓவர்லே வேண்டுமோ அது மாற்றி மாற்றி வந்து நிற்கும். எந்தப் பொருள் கோப்பு எந்த ஓவர்லேயில் என்பது தொகுப்புக்கான குறிப்புகள் அடங்கிய மேக்ஃபைலில் பட்டியலாக இருக்கிறது. நீங்கள் ஒரு வசதியைச் சேர்த்தால் ஏதோ ஓர் ஓவர்லே 8192ஐத் தாண்டிவிடும். தொகுப்பின் இறுதியில் அளவைச் சரிபார்க்கும் ஒரு சிறிய நிரல் ஓடும். இன்ன ஓவர்லே பெரிதாகிவிட்டது என்று சொல்லி அது நிறுத்திவிடும். உடனே நீங்கள் அளவுப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, இந்தக் கோப்பை அங்கே தள்ளலாமா, அதை இங்கே இழுக்கலாமா என்று கணக்குப் போட வேண்டும். எங்கே தள்ளினாலும் ஓடும். ஆனால் அடிக்கடி ஒன்றையொன்று அழைக்கும் கோப்புகளை ஒரே ஓவர்லேயில் வைப்பது நல்லது, இல்லாவிட்டால் ஒவ்வோர் அழைப்புக்கும் பக்கம் மாற வேண்டும். நினைவகத்தை நாம் எவ்வளவு ஊதாரித்தனமாகச் செலவழிக்கிறோம் என்பதை அரை மணி நேரத்தில் உறைக்க வைக்கும் வேலை இது. எமுலேட்டரில் ஒரு தொகுப்பு சில நிமிடங்களில் முடிந்துவிடுவதால் சலிப்புத் தட்டுவதில்லை.

ஒரு எச்சரிக்கை: யூனிக்ஸ், நெட்னிக்ஸ் இரண்டும் ஒரே தொகுப்பில் பிறந்தவையாக இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் புதிதாக நகல் எடுத்து, மற்றொன்றைப் பழையதாக விட்டால் இரண்டுக்கும் ஒத்துவராது. பழைய ஜோடியை வேறு பெயரில் பத்திரப்படுத்திவிட்டுப் புதிய ஜோடியை வைப்பதே புத்திசாலித்தனம்.

இப்போது எமுலேட்டர் பக்கம் வருவோம். இங்கே செயலி மாடலை முதலில் தீர்மானிக்க வேண்டும். பஸ் என்பது அட்டைகளைச் செயலியோடு இணைக்கும் தடம். 11/73 என்றால் அது கியூ-பஸ் இயந்திரம், அதற்கு டெக்னா குடும்ப அட்டை. 11/70 என்றால் யூனிபஸ், அதற்கு டியூனா அல்லது டெலுவா. பஸ்ஸுக்குப் பொருந்தாத அட்டையைச் சிம்ஹெச் இயக்க விடாது. நான் 11/73ஐயும் 4 மெகாபைட்டையும் வைத்துக்கொள்கிறேன். டெக்னா அட்டை அதன் காலத்திலேயே நல்ல பெயர் எடுத்ததில்லை. அதற்கு மாற்றாக டெக் நிறுவனமே டெல்க்வாவைக் கொண்டுவந்தது. சிம்ஹெச்சில் எந்த வகை வேண்டும் என்று ஒரே வரியில் மாற்றிக்கொள்ளலாம். 2.11பிஎஸ்டியின் டிரைவருக்கு இரண்டும் சம்மதம்.

அட்டையை வெளியுலகத்தோடு இணைக்கும் அட்டாச் கட்டளையில்தான் புதிதாக வருகிறவர்களில் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வழிகள் பல இருக்கின்றன, மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

மிக எளியது நாட் (NAT) வழி. சிம்ஹெச்சுக்குள்ளேயே ஒரு குட்டி ரவுட்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் யூனிக்ஸுக்கு 10.0.2.15 என்ற முகவரி, வாசல் 10.0.2.2. ரூட் என்ற நிர்வாகி அனுமதி வேண்டாம், கணினியின் அமைப்பில் எதையும் தொட வேண்டாம். உள்ளிருந்து வெளியே போவதற்கு இது போதும். வெளியிலிருந்து உள்ளே டெல்நெட் செய்ய, அதாவது வேறு கணினியிலிருந்து லாகின் செய்ய, வேண்டுமானால் இன்ன போர்ட்டுக்கு வருவதை உள்ளே அனுப்பு என்று கூடவே சொல்லிவிட வேண்டும். முதல் நாளுக்கு இதுவே சரி.

இரண்டாவது, உங்கள் கணினியின் ஈதர்நெட் இடைமுகத்தையே, பாக்கெட் பிடிக்கும் நூலகமான லிப்பிகேப் வழியாகப் பிடித்துக்கொள்வது. இதற்குக் கூடுதல் அனுமதி வேண்டும். பிடிபி-11 வீட்டு நெட்வொர்க்கில் ஒரு தனிக் கணினியாகவே தோன்றும், பக்கத்து அறையில் இருக்கும் கணினியிலிருந்து பிங் செய்து, அதாவது இருக்கிறாயா என்று கேட்டு, பதில் பெறலாம். ஆனால் அதைத் தாங்கி ஓடும் அதே கணினியிலிருந்து பிங் செய்தால் பதில் வராது. பிகேப் அனுப்பும் பாக்கெட் நேராகக் கம்பிக்குப் போய்விடுகிறது, அதே கணினியின் சொந்த நெட்வொர்க் அடுக்குக்குத் திரும்பி வருவதில்லை. இது கோளாறு என்று எண்ணி இரவெல்லாம் அமைப்புக் கோப்புகளைக் குடைந்தவர்கள் உண்டு. கையேட்டில் இது தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. வைஃபையில் இந்த வழியை முயல வேண்டாம். தன்னுடையது அல்லாத மேக் முகவரியோடு (அட்டையின் வன்பொருள் முகவரி) பாக்கெட் அனுப்பப் பல வைஃபை அட்டைகள் மறுத்துவிடும்.

மூன்றாவதுதான் நான் நிரந்தரமாக வைத்திருப்பது: டேப் (TAP) என்ற மென்பொருள் ஈதர்நெட் இடைமுகம் ஒன்றை உருவாக்கி, அதை லினக்ஸ் பிரிட்ஜில் கம்பி ஈதர்நெட்டோடு சேர்ப்பது. கணினியின் ஐபி முகவரி பிரிட்ஜுக்கு மாறிவிட வேண்டும். இரண்டு மூன்று கட்டளைகள்தான். அதன் பிறகு தாங்கும் கணினி, பிடிபி-11, வீட்டிலுள்ள மற்றவை எல்லாம் ஒன்றையொன்று பார்க்கும். டேப் இடைமுகத்தை உங்கள் பயனர் பெயருக்கே உரிமையாக்கிவிட்டால் எமுலேட்டரை ரூட்டாக ஓட்டும் தேவையும் போய்விடும்.

இரண்டு எமுலேட்டர்களை ஒரே நெட்வொர்க்கில் ஓட்டுவதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி மேக் முகவரியைக் கையால் கொடுங்கள். ஒரே முகவரி இரண்டு இடத்தில் இருந்தால் விளைவு என்ன என்று நெட்வொர்க் வேலை பார்க்கும் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சிம்ஹெச்சில், பல டெர்மினல்களை இணைக்கும் டிஇசட் என்ற தொடர்வழி மல்டிபிளெக்சரை ஒரு போர்ட்டோடு இணைத்துவிட்டு, அந்தப் போர்ட்டுக்கு டெல்நெட் செய்தால் லாகின் வரி வரும். அதைப் பார்த்து நெட்வொர்க் வந்துவிட்டது என்று மகிழ்பவர்கள் நிறைய. அது டெர்மினல் கம்பி மட்டுமே. டெல்நெட்டைக் கையாள்வது எமுலேட்டர், உள்ளே இருக்கும் யூனிக்ஸுக்கு டிசிபி என்ற ஒன்று நடப்பதே தெரியாது. நெட்வொர்க் இல்லாத ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலும் இது வேலை செய்யும். பயனுள்ள வசதிதான், ஆனால் இந்த மதிப்புரையில் பேசும் விஷயம் அது இல்லை.

எல்லாம் சரியாக அமைந்து இயந்திரத்தை எழுப்பினால், முதலில் 73பூட் என்று தொடங்கும் ஒரு வரி, பிறகு கெர்னலின் அறிமுகம், அதன் பின் க்யூஇ0 இணைகிறது என்ற செய்தியும் அட்டையின் மேக் முகவரியும் வரும். நெட்ஸ்டார்ட் என்ற ஷெல் கோப்பில் இயந்திரத்தின் பெயர், முகவரி, நெட்மாஸ்க், இயல்பு வாசல் ஆகியவற்றை எழுதிவிட்டால் பல பயனர் நிலைக்குப் போகும்போது தானாக ஓடும். இன்றைய லினக்ஸ் நிர்வாகி இந்தக் கோப்பைப் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாது. ஐஎஃப்கான்ஃபிக், ரூட் (route), நெட்ஸ்டாட் கட்டளைகள் எல்லாம் அதே பெயரில் அங்கேயே இருக்கின்றன. சொல்லப்போனால் நாம்தான் அவற்றை அங்கிருந்து எடுத்துக்கொண்டோம்.

பிடிபி-11ல் பாக்கெட் உருவாகும் விதத்தில் ஒரு அழகு இருக்கிறது. நெட்வொர்க்கில் பெரிய பைட் முதலில் போக வேண்டும். 10.0.2.15 என்ற முகவரி கம்பியில் 10, 0, 2, 15 என்ற வரிசையிலேயே போகும். இன்டெல் செயலியில் இது நினைவகத்தில் தலைகீழாக 15, 2, 0, 10 என்று கிடக்கும். பிடிபி-11 இந்த இரண்டிலும் சேராது. 32 பிட் எண்ணின் மேல் பாதியான 16 பிட் சொல் முதலில் வரும், ஆனால் ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் சிறிய பைட் முன்னால் இருக்கும். அதனால் 0, 10, 15, 2 என்ற விசித்திர வரிசை. கேட்பதற்குத் தலைசுற்றும். ஆனால் தீர்வு எளிது: ஒரு சொல்லின் இரண்டு பைட்டுகளை இடம் மாற்ற ஸ்வாப் என்ற கட்டளை செயலியிலேயே இருக்கிறது. இரண்டு சொல்லுக்கு இரண்டு ஸ்வாப், எண் நெட்வொர்க் வரிசைக்கு வந்துவிடும். எமுலேட்டரை நிறுத்தி நினைவகத்தைத் திறந்து பார்க்கும் வசதி சிம்ஹெச்சில் இருப்பதால் இதைக் கண்ணாலேயே காணலாம். பைட் வரிசை பற்றிப் படிக்கும் மாணவருக்கு இதைவிட நல்ல செய்முறை எனக்குத் தெரியவில்லை.

அடுத்து நான் ரசித்தது, டிசிபி இணைப்பின் தொடக்கத்தில் இரு கணினிகளும் செய்யும் கைகுலுக்கல். லினக்ஸ் கணினியில் பாக்கெட் பிடிக்கும் கருவியை ஓடவிட்டு, அங்கிருந்து பிடிபி-11க்கு டெல்நெட் செய்து பாருங்கள். லினக்ஸ் அனுப்பும் முதல் பாக்கெட் தன் வசதிகளையெல்லாம் வரிசையாக அறிவிக்கும்: அதிகபட்சப் பிரிவு அளவு, தேர்ந்தெடுத்த ஒப்புதல், நேர முத்திரை, ஜன்னல் பெருக்கம். இவற்றில் முதலாவது மட்டுமே 1981ல் வந்த டிசிபி வரையறையில் உள்ளது. நேர முத்திரையும் ஜன்னல் பெருக்கமும் நிலைபெற்ற வரையறையாக வந்தது 1992ல், தேர்ந்தெடுத்த ஒப்புதல் 1996ல். பிடிபி-11 தனக்குத் தெரியாதவற்றைக் கண்டுகொள்ளாமல், தெரிந்த ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறது. லினக்ஸும் சரி என்று இறங்கி வந்து பழைய முறையிலேயே பேசுகிறது. இடையில் மொழிபெயர்ப்பாளர் யாரும் இல்லை. பகலில் நான் பராமரிக்கும் கருவிகளில் சில, ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த பதிப்புகளோடுகூடச் சரியாகப் பேசுவதில்லை. இங்கே இத்தனை ஆண்டு இடைவெளி ஒரு பொருட்டாகவே இல்லை. டிசிபியை வடிவமைத்தவர்கள் மீது மரியாதை கூடுகிறது.

அன்றாடப் பயன்பாட்டில் டெல்நெட் வேகமாக இருக்கிறது, கோப்பு அனுப்பும் எஃப்டிபியும் தொல்லை தருவதில்லை. கோப்புகளை உள்ளே கொண்டுபோகக் காந்த நாடாப் படிமம் செய்து ஏற்றுகிற பழைய வழியை இனி மறந்துவிடலாம். இந்த ஒரு வசதிக்காகவே நெட்வொர்க்கை எழுப்பலாம். உள்ளே நுழைந்ததும் டெர்மினல் வகையை விடி100 என்று மாற்றிக்கொள்ளுங்கள், உங்கள் இன்றைய டெர்மினலின் பெயர் அதற்குத் தெரியாது. பெயரை முகவரியாக மாற்றும் வேலை ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்த்து நடக்குமா, பெயர் சேவையகத்தைக் கேட்டு நடக்குமா என்பது சி நூலகத்தைத் தொகுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. மாற்ற விரும்பினால் நூலகத்தையும் அதைப் பயன்படுத்தும் நிரல்களையும் மறுபடி தொகுக்க வேண்டும். வீட்டுக்குள் நாலு கணினிதான் என்றால் ஹோஸ்ட்ஸ் கோப்பே போதும்.

பாதுகாப்பு விஷயத்தில் கண்டிப்பாகச் சொல்கிறேன்: இந்த இயந்திரத்தைப் பொது இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். கடவுச்சொல் வெறும் எழுத்தாகவே கம்பியில் போகிறது. வேறு கணினியிலிருந்து நுழையவும் கட்டளை கொடுக்கவும் உதவும் ஆர்லாகின், ஆர்எஸ்ஹெச் போன்றவை, கேட்பவர் யார் என்பதை ஐபி முகவரியை வைத்தே நம்பிவிடும். 4.2பிஎஸ்டியில் டிசிபி தொடக்க வரிசை எண்ணை ஊகித்து அந்த நம்பிக்கையை ஏமாற்றலாம் என்று ராபர்ட் மோரிஸ் 1985லேயே எழுதிக் காட்டினார். 1988 நவம்பரில் பெர்க்லி யூனிக்ஸ் ஓடிய வாக்ஸ், சன்-3 இயந்திரங்களில் பரவி இணையத்தைத் திணறடித்த புழுவை எழுதியவரும் அவரே. ஃபிங்கர், சென்ட்மெயில், ஆர்எஸ்ஹெச் ஆகிய மூன்றும் அந்தப் புழுவின் வழிகள். அதே குடும்பத்தைச் சேர்ந்த நிரல்கள்தான் உங்கள் பிடிபி-11க்குள்ளும் இருக்கின்றன. வீட்டுக்குள் வைத்து விளையாடுங்கள், தேவையில்லாத சேவைகளை, அவற்றைத் தொடங்கிவைக்கும் இனெட்டி (inetd) நிரலின் அமைப்பில் மூடிவிடுங்கள்.

குறைகளும் சொல்ல வேண்டும். சிம்ஹெச்சின் ஆவணங்கள் விரிவானவை, ஆனால் சிதறிக் கிடக்கின்றன. ஈதர்நெட் பற்றிய முக்கியச் செய்திகள் ஒரு தனி உரைக்கோப்பிலும், அட்டையைப் பற்றிய விருப்பங்கள் பிடிபி-11 கையேட்டிலும், மீதி உள்ளேயே இருக்கும் உதவிக் கட்டளையிலும் இருக்கின்றன. மூன்றையும் படிக்கப் பொறுமை இல்லாதவர் பாதியில் விட்டுவிடுவார். ஒரே பக்கத்தில், இந்தச் சூழ்நிலைக்கு இந்த வழி என்று எழுதிவைத்திருந்தால் எத்தனையோ பேர் பயன்பெறுவார்கள். இன்னொன்று வேகம். இன்றைய கணினி அனுப்பும் வேகத்துக்குச் சில பழைய இயங்குதளங்கள் பாக்கெட்டுகளை வாங்கிவைக்கும் இடம் ஈடுகொடுக்காது, பாக்கெட்டுகள் விழும். இதற்காகவே அட்டைக்கு வேகத்தடை போடும் விருப்பம் இருக்கிறது, ஆனால் அதன் எண்களைத் தேடிப்பிடிப்பது உங்கள் பாடு. செயலியை ஓய்வில் விடும் ஐடில் விருப்பத்தையும் மறக்காமல் போடுங்கள். இல்லாவிட்டால் யூனிக்ஸ் சும்மா இருக்கும்போதும் உங்கள் மடிக்கணினியின் விசிறி கத்திக்கொண்டே இருக்கும்.

வேறு எதை முயலலாம் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: ஓவர்லே தொல்லை வேண்டாம் என்றால் அதே சிம்ஹெச்சில் வாக்ஸ் 780ம் 4.3பிஎஸ்டியும் சுகமான ஜோடி. டெக்கின் சொந்த நெட்வொர்க் முறையான டெக்நெட் மீது ஆர்வம் இருந்தால் ஆர்எஸ்எக்ஸ்-11எம்-பிளஸ் என்ற இயங்குதளம் இருக்கிறது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் இயந்திரங்களை டெக்நெட்டால் இணைக்கும் ஹெக்நெட் என்ற நெட்வொர்க் இன்றும் நடக்கிறது. அங்கே இயந்திரத்தின் மேக் முகவரியே அதன் டெக்நெட் முகவரியிலிருந்து உருவாகிறது, அது தனி உலகம். ஆஸ்கர் வெர்மியூலனின் பைடிபி-11 (PiDP-11) என்ற முன்பலகைப் பொதியை வாங்கி, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினியில் இதே சிம்ஹெச்சை ஓட்டி, விளக்குகள் மின்ன வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது 11/70 ஆகையால் அவர்கள் டெக்னாவை விட்டு யூனிபஸ் அட்டைக்கான டிரைவரோடு கெர்னலைத் தொகுக்க வேண்டும்.

யாருக்கு இது ஏற்றது? நெட்வொர்க் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு முதலில் சொல்வேன். இன்றைய லினக்ஸின் நெட்வொர்க் நிரலை ஒருவர் முழுதாகப் படித்து முடிப்பது நடக்கிற காரியம் இல்லை. 2.11பிஎஸ்டியின் டிசிபி உள்ளீட்டு நிரலை ஒரு வாரயிறுதியில் உட்கார்ந்து படிக்கலாம். ஒரு வரியை மாற்றி, தொகுத்து, எழுப்பி, கம்பியில் என்ன மாறியது என்று பத்து நிமிடத்தில் பார்க்கலாம். வட்டுப் படிமத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டால் எதைக் கெடுத்தாலும் கவலை இல்லை. மாணவர்களின் மடிக்கணினியில் நாட் வழியே போதும், கல்லூரி நெட்வொர்க் நிர்வாகியிடம் அனுமதி கேட்டு நிற்க வேண்டாம். அணைக்கும்போது மட்டும், கண்ட்ரோல்-ஈ அழுத்தி எமுலேட்டரை மூடுவதற்கு முன், உள்ளே முறையாக ஷட்டவுன் கொடுத்து வட்டுக்கு எழுத வேண்டியதை எழுத விடச் சொல்லுங்கள். 1991ன் கோப்பு முறைமைக்கு, மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் கிடையாது, அடுத்த முறை எழும்பும்போது வட்டுச் சோதனை ஓடிக்கொண்டிருக்கும்.